கடை நம்பர்

தங்கையாவைத் திவாகர் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஊர்ல உள்ளவன் வேலை மனுவுக்கெல்லாம் என் கடை நம்பர்தான் கெடைச்சுதா? எடுத்துரு தம்பி. இனி ஒருத்தருக்கும் போடாதே."

மஸ்ஜித் தானா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் அவருடைய மளிகைக் கடை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் எதிலும் போன் கிடையாது. கடையில் மட்டும்தான் இருந்தது.

திவாகர் அந்தத் தோட்டத்தில் வளர்ந்தவன். தொண்ணூற்றெட்டில் ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது அவனுக்கும் வேலை போனது. டவுன் பக்கம் தெங்கேராவில் ஒரு மாடி அறை எடுத்து, கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்துப் பிழைத்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை மனுவும் எழுதினான். அப்பா பெயர், அம்மா பெயர் என்று தொடங்குகிற பழைய மனு அல்ல. இந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வரும் என்பதுதான் முதல் வரி. கூடவே படத்தோடு ஆளுக்கொரு இணையப் பக்கம். அவன் எழுதிக் கொடுத்த பலருக்கு வேலை கிடைத்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மனுவின் அடியில் தங்கையா கடை நம்பர். ஆபீஸிலிருந்து போன் வந்தால், அவர் தராசை அப்படியே விட்டுவிட்டு லயத்துக்குப் போய் ஆளைக் கூட்டிவர வேண்டும். முனகிக்கொண்டேதான் போவார்.

"உன் அறையிலதான் போன் இருக்கே. அதப் போடு லா."

"நான் இன்டர்நெட்ல இருந்தா லைன் எங்கேஜ் மாமா. அது இல்லாம எனக்குப் பொழப்பு இல்ல."

"அப்ப பகல்ல அத அடைச்சு வை."

திவாகருக்குச் சுருக்கென்றது. லயத்துப் பெண் புனிதாவின் மனு அப்போதுதான் போயிருந்தது. அவள் அப்பா பால்மரம் வெட்டப் போய், வழுக்கி விழுந்து, இடுப்பொடிந்து கிடந்தார். தோட்டத்தை விற்கப்போகிறார்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு இந்த வேலை கிடைத்தால்தான் புக்கிட் காத்திலில் ஒரு வாடகை வீடு.

"புனிதாவுக்கு எந்த நேரமும் போன் வரலாம் மாமா. ஒரு போன் எடுக்கிறதுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சிடும்?"

தங்கையா தராசுக்குத் திரும்பினார். அவன் கேட்ட சீனியைக் கட்டிக் கொடுத்தார். கட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. வயதாக ஆக மனுஷனுக்கு மனசும் சுருங்கிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டான். புனிதா வீட்டிலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

அடுத்த வாரம் செய்தி வந்தது. நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன தங்கையா திரும்பவில்லை.

பிள்ளை இல்லாதவர். மனைவி ராமாத்தாளை அவள் அக்கா தன்னோடு கூட்டிப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். கடை பூட்டியிருந்தது. சவப்பெட்டியைத் தூக்கிப் போன பிறகும் புனிதா அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனி போன் வந்தா யாருண்ணே எடுப்பா?"

கேட்டுவிட்டு, சாவு வீட்டில் இதைக் கேட்டோமே என்று அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

 போகிறபோதும் கையை விரித்துவிட்டுப் போனாரே என்று திவாகருக்கு ஒரு கசப்பு.

அறைக்குத் திரும்பிக் குளித்தான். கணினியைத் திறக்க மனம் வரவில்லை. லைன் சும்மா இருந்ததால் போன் அடித்தது.

ஒரு மலாய்க்கார அம்மா. புனிதா மனுப் போட்ட ஃபேக்டரியின் ஆபீஸிலிருந்து பேசினார். அந்தப் பெண்ணை இண்டர்வியூவுக்கு வரச் சொல்ல வேண்டுமாம்.

இந்த நம்பரை யார் கொடுத்தது என்று கேட்டான்.

கடைக்காரப் பெரியவர்தான் என்றார் அந்த அம்மா. மனு எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருக்குமாம். ஆனால் யாருக்காகக் கூப்பிட்டாலும், ஆளைக் கூட்டிவரப் போவதற்கு முன்னால் பெரியவர் அந்தப் பிள்ளையின் நல்ல குணத்தையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவாராம். அதைக் கேட்டு எத்தனையோ பேரை எடுத்திருக்கிறார்களாம்.

"போன வாரம் அவரே கூப்பிட்டார். 'நான் நெஞ்சு ஆபரேஷனுக்குப் போறேன், திரும்பி வருவேனோ என்னவோ. கடையில எடுக்க ஆள் இருக்காது. பிள்ளைங்க வேலை கெட்டுப்போகக் கூடாது. இனிமே இந்தத் தம்பி நம்பருக்குப் போடுங்க. லைன் எங்கேஜா இருந்தா கோவிச்சுக்காம மறுபடி போடுங்க' என்றார். இப்போது நன்றாக இருக்கிறாரா?"

அவர் இறந்துவிட்டதைச் சொல்லிவிட்டு, திவாகர் புனிதாவின் இண்டர்வியூ நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டான்.

புனிதா வீட்டார் இப்போது புக்கிட் காத்திலில் இருக்கிறார்கள். திவாகர் தன் இணைய வேலையை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டான். பகலில் அந்த லைன் சும்மா கிடக்கிறது.