வால் கேட்ட மூலச்செல்

ஒருவனுடைய விதைப்பைக்குள், நுண்குழாய் ஒன்றின் ஓரத்தில் ஒட்டியிருந்த மூலச்செல்லுக்கு ஒரே ஆற்றாமை. கூடப் பிறந்தவையெல்லாம் வால் முளைத்து, விந்தணுவாகி, நீந்திப் போய்விட்டன. அதனிடம் மட்டும் பக்கத்துச் செல் அனுப்பும் தூதுப் புரதம் தினமும் வந்து, "அக்கா, நீங்க இங்கயே இருங்க" என்றது.

"இன்னும் எத்தனை நாளைக்குடா?"

ஒருநாள் அவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. வளர்ந்துகொண்டிருந்த செல்கள் அத்தனையும் சூட்டில் கருகிப்போயின. தூதுப் புரதம் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தது.

"யாராவது மிச்சம் இருக்கீங்களா?"

"நான் இருக்கேன்டா!" என்ற மூலச்செல் இரண்டாகப் பிளந்தது, மறுபடியும் பிளந்தது. குழாய் நிரம்பி வழிந்தது. புது விந்தணுக்கள் வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பின. ஓரத்தில் ஒரு குட்டிச் செல் சிணுங்கியது: "எனக்கு எப்போ வால்?"

தூதுப் புரதம் வாயைத் திறப்பதற்குள் மூலச்செல் முந்திக்கொண்டது.

"நீ இங்கயே இரு, ராசாத்தி!"