முப்பத்தாறு காலடி

“முப்பத்தாறு காலடி எண்டுதானே சொன்னனீ? நடந்து பாத்தாச்சு. கிண்டியும் பாத்தாச்சு. கிணறு இல்லைத் தம்பி.”

ஏணி மேல் நின்ற லியோ பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வைத்தான். போனில் சின்னம்மா, அம்மாவின் தங்கை. முல்லைத்தீவில் அவளுக்குப் பின்னால் ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது.

அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், காதுதான் சரியாகக் கேட்கவில்லை என்றான். காலையிலிருந்து மூன்றாவது முறை.

போர் முடிந்து இத்தனை வருடம் கழித்து ராணுவம் அம்மா குடும்பத்தின் காணியை விட்டிருக்கிறது. எதிரே இப்போது ஹோட்டல். அடுத்து ஒரு வங்கி. நிலத்தின் விலை ஏற ஏற, இரண்டு பக்கத்து வேலிகளும் உள்ளே நகர்ந்துவிட்டன.

சர்வேயர் இன்று ஒருநாள்தான் வருவார். மூடிப்போன கிணற்றைக் காட்டினால் காணி அவர்களுடையது. இல்லையென்றால் வேலி நிற்கிற இடமே எல்லை.

அம்மா சொன்ன அடையாளம் ஒன்றே ஒன்று. மாதா கோயில் படியிலிருந்து கிழக்கே முப்பத்தாறு காலடி. அந்த ஊரில் மாறாமல் கிடப்பது அந்தப் படி மட்டும்தான்.

லியோ அதைப் பார்த்ததில்லை. குறிஞ்சிப்பாடி அகதி முகாமில் பிறந்தவன். அவனுக்குத் தெரிந்த பெரிய வீடுகள் நெய்வேலி குவார்ட்டர்ஸ்தான். ஆள் மாறும்போது பெயின்ட் அடிக்க உள்ளே போவான். சுவர் காய்வதற்குள் வெளியே வந்துவிடுவான்.

கீழே சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி வேணு நிமிர்ந்தார். அவருக்குக் கம்மாபுரம் பக்கம். நிலம் நெய்வேலி சுரங்கத்துக்குப் போய் வெகுநாளாகிறது.

“எடுத்த நெலத்த திருப்பிகூட குடுப்பாங்களாடா? எங்களுத குடுத்தா எரநூறு அடி பள்ளத்துல எறங்கி தேடிக்கினு கெடக்கணும்.”

லியோ இறங்கி, காலி ஹாலில் காலடியை எண்ணி நடந்து பார்த்தான். சுவரில் முட்டித் திரும்பினான். திரும்பவும் முட்டினான். அவன் கால் நீளம். அம்மா அவன் தோளுக்கும் வரமாட்டாள்.

வந்ததில்லை.

அம்மாவை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிறது. போன மாதம் முகாமில் ஆள் சரிபார்க்க வந்த அதிகாரி, ஸ்கேல் வைத்து அவள் பெயரை அடித்தார். சின்னம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அக்கா வந்து இருக்கட்டும் என்றுதான் அவள் ஒரு வருடமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். கிணறு கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தான்.

போனில் ஜேசிபி சத்தம் நின்றது.

“சேவையர்தான் நடந்து பாத்தவர். நல்ல உயரம் தம்பி. அதான் கணக்குப் பிழைச்சுப் போச்சு. அக்காவ ஒரே ஒரு காலடி வைக்கச் சொல்லு. டேப் பிடிச்சு அளந்து சொல்லு. நாங்கள் லைன்லயே நிக்கிறம்.”