பாதி டிக்கெட்

"யோசிக்காம சொல்லு. வயசு என்ன?"

"அம்பத்தி... அம்பத்தொம்பதுக்கா."

"ரயில்ல வர்ற ஆபீசரையும் அக்கான்னா கூப்புடுவ? அம்பத்தொம்பதுங்க. அதோட நிறுத்திக்க."

மஞ்சக்குட்டையில் சேலம் பஸ்ஸுக்காக அக்காவும் தங்கச்சியும் நின்றிருந்தார்கள். மும்பைக்குப் போவது தங்கச்சி. அங்கே அவள் மகள் பார்வதிக்கு இரண்டாவது பிரசவம். நாள் நெருங்கிவிட்டது, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மூத்த பேரனுக்கே மூன்று வயதாகிறது, அவனை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

மிளகு விற்ற பணத்தில் முழு டிக்கெட் எடுத்தால் போய்ச் சேரலாம், திரும்பி வர முடியாது. அப்போதெல்லாம் ஐம்பத்தெட்டு வயதான பெண்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணம். அக்காதான் ஏற்காடு போய், கம்ப்யூட்டர் கடையில் அரை நாள் உட்கார்ந்து, போக ஒன்று, வர ஒன்று என்று எடுத்துவந்தாள். கீழ்ப் படுக்கையே கிடைத்திருந்தது.

வயதுதான் தங்கச்சியின் நாக்கில் நிற்கவில்லை. மலையில் அந்தத் தலைமுறைக்குப் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. பெருமழை அடித்த வருடம், கேழ்வரகு பொய்த்த வருடம் என்று ஆத்தாள் சொன்னதுதான் கணக்கு. அடையாள அட்டைக்கு எழுத வந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு, ஆளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ ஒரு வருடத்தைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

"எனக்கென்னமோ பயமா இருக்குதுக்கா. மொகத்துலயே காட்டிக் குடுத்துருவேன்."

"நீ வாயத் தொறந்தாத்தான் காட்டிக் குடுப்ப. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஊர்க்கதை பேசாத."

அட்டையைச் சுருக்குப் பையில் வைத்து, பையைத் தங்கச்சியின் இடுப்பில் அக்காவே செருகிவிட்டாள். ராகி மாவு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தாள். பஸ் வந்தது. மூட்டையை உள்ளே தள்ளச் சொல்லிக் கண்டக்டர் போட்ட சத்தத்தில், தங்கச்சி ஜன்னல் வழியாகச் சொன்ன கடைசி வார்த்தை கேட்கவில்லை.

ரயில் சேலத்தை விட்டதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"சின்னத்தாயி?"

அவள் தலையாட்டினாள்.

"கார்டு இருக்குங்களா?"

எடுத்துக் கொடுத்தாள். அவர் அட்டையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். ஐம்பத்தொன்பதை நாக்கின் நுனியிலேயே வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அவர் வயதைக் கேட்கவே இல்லை.

"இந்தப் போட்டோவுல இருக்கறது நீங்கதானா?"

கரி அப்பினாற்போல ஒரு படம். மூக்கு எது, கன்னம் எது என்று சொல்ல முடியாது.

"அதைப் பாத்தா பெத்த ஆத்தாளே யாருன்னு கேப்பாளுங்க," என்றாள்.

எதிர் சீட்டில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். பரிசோதகரும் சிரித்தார். தன்னுடைய அட்டையிலும் இதே கதைதான் என்று சொல்லி, திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அதன் பிறகு அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. எதிர் சீட்டுப் பெண்ணுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். பேரனைப் பற்றிச் சொன்னாள். போகவும் டிக்கெட் இருக்கிறது, வரவும் இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். நெஞ்சு லேசாகக் கரிக்கிறது, பயத்தில் சாப்பிடாமல் வந்தது என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே படுத்தாள்.

காலையில் டீ வந்தபோது அந்தப் பெண்தான் எழுப்பிப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

சோலாப்பூரில் இறக்கினார்கள். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றார் வந்து பார்த்த டாக்டர். அவளுடைய போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. பெயரும் ஊரும் அட்டையில் இருந்தன.

அன்று மத்தியானமே தகவல் மலைக்கு வந்தது. காவலர் பொன்னுவேல் அதை எழுதிய தாளோடு மஞ்சக்குட்டைக்குப் போனார். டீக்கடையில் வீட்டை விசாரித்தார். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி சேதி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, சின்னத்தாயிங்கறவங்க ஊடு இதுதானுங்களா?"

"இதுதானுங்க."

"நீங்க அவிங்களுக்கு என்ன வேணுமுங்க?"

அவள் எழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது. காக்கிச் சட்டையையும் அவர் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கும்பிட்டாள்.

"நாந்தானுங்க சின்னத்தாயி. எங்கார்டைக் குடுத்து அனுப்புனது என்ற தப்புதானுங்க. மீதி டிக்கெட்டுக் காசை நானே கட்டிப்புடறேன். எந்தங்கச்சி கண்ணம்மா பாவம், ஒண்ணும் தெரியாதவ. புள்ள பெக்கப்போற மவளைப் பாக்கப் போறாளுங்க. அவளை எறக்கி வெச்சிருந்தா, தயவுபண்ணி விட்டுருங்க."

கண்ணம்மாளின் சொந்த அட்டைப்படி அவளுக்கு ஐம்பத்தெட்டு ஆக இன்னும் நான்கு வருடம் இருந்தது.