இடையில் பதினேழு மணி நேரம்

ஆறு மாதம் பெரிய மகன் வீடு, ஆறு மாதம் கடல் தாண்டிச் சின்ன மகன் வீடு என்பது மாமியாரின் கணக்கு. கிளம்பும் நாள் நெருங்க நெருங்க அவள் முகத்தில் களை கூடிக்கொண்டே போனது. பெரிய மருமகளுக்கு வயிறு எரிந்தது.

"பதினேழு மணி நேரம் பிளேன்ல உட்காரணும் அத்தை. காலெல்லாம் வீங்கிடும். பேசாம இங்கயே இருங்களேன்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றபடி மாமியார் குக்கரை இறக்கி வைத்துவிட்டு, பேத்திக்குத் தலை பின்ன ஓடினாள்.

பொறுக்க முடியாமல் பெரியவள் ஓரகத்திக்கே போன் போட்டாள். "அப்படி என்னடி சொக்குப்பொடி போட்டே? உன் வீட்டுக்குன்னா அத்தைக்குத் தலைகால் புரியல!"

"நல்லா இருக்கே! போன தடவை இங்கிருந்து கிளம்பறப்ப அவங்க சிரிச்ச சிரிப்பைப் பார்த்து நான்தான்க்கா இன்னும் பொருமிக்கிட்டு இருக்கேன்!"

பெரியவள் நேராகவே கேட்டுவிட்டாள். "உண்மையைச் சொல்லுங்க அத்தை. எந்த வீடு உங்களுக்குப் பிடிக்கும்?"

மாமியார் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் என் வீடுதாம்மா. ஆனா அந்தப் பிளேன்லதான் உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருது. தட்டையும் அவங்களே எடுத்துட்டுப் போயிடறாங்க."