பூனை குடித்த காப்பி

பூனை காப்பியை நக்கி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கவில்லை. முடித்ததும் அது மீசையைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கிடைக்குமா என்பதுபோல் ஏட்டு அப்பாதுரையின் பூட்சில் வந்து உரசியது.

"சாவலையே" என்றாள் எதிர்வீட்டு எல்லம்மா. அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் அப்பாதுரைக்கு எரிச்சலை மூட்டியது.

"சாவாது. அது வெறும் காப்பி. உள்ள இருக்கறவரு வயசாகிச் செத்தாரு. போதுமா?"

உள்ளே கட்டிலில் வெங்கடசாமி கிடந்தார். ராத்திரி பாதிக் காப்பியைக் குடித்துவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. எழுபதைத் தாண்டிய உடம்பு. வேறு ஊராக இருந்தால் இந்நேரம் பாடை கட்டியிருப்பார்கள். இந்த ஊரில் இப்போதெல்லாம் யாரும் சும்மா சாவதில்லை.

எல்லாம் பெங்களூர்க் கடைகளுக்கு வருகிற அந்த வாரப் பத்திரிகையின் வேலை. அதில் ஆராவமுதன் என்று ஒரு கிராமத்து ஏட்டு. வாரம் ஒரு கொலை நடக்கும், அவர் கண்டுபிடித்துவிடுவார். ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் வெங்கடசாமியின் மருமகள் சரசு அதை வாங்கிவந்து குழாயடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். தண்ணீர் வந்தாலும் யாரும் குடத்தை வைக்கமாட்டார்கள்.

"ஆராவமுதன்னா கட்டிலுக்கு அடியில பார்த்திருப்பாரு" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"பார்த்தாச்சு. செருப்பு இருக்கு."

"நகத்தப் பார்த்திருப்பாரு."

"அதுவும் பார்த்தேன். அழுக்கு இருக்கு."

எல்லம்மா விடுவதாக இல்லை. "நேத்து ராத்திரிகூட குளிருது குளிருதுன்னு தெருவுக்கே கேக்கறாப்பல சரசுவ ஏசிக்கினு இருந்தாரு, ஏட்டய்யா. அவ்ளோ தெம்பா கத்துன மனுசன் காலையில இல்லன்னா எப்படி?"

"கத்திக் கத்தித்தாம்மா போய்ட்டாரு."

போன மாதம் தையற்காரரின் தாயார் இறந்தபோதும் இப்படித்தான் ஊரே கூடி நின்றது. அப்பாதுரை ரிப்போர்ட் எழுதினார். பிணம் வண்டியேறி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனது. அறுத்துப் பார்த்துவிட்டு மாரடைப்பு என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன்னால் ஒரு தாத்தா. அவருக்கும் அதே கதிதான்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு விட்டார். "ஏனப்பா அப்பாதுரை, உங்க ஊர்ல யாரும் சும்மா சாகவே மாட்டாங்களா? இன்னொரு தரம் இப்படி ரிப்போர்ட் வந்துது, உன்னை சாம்ராஜநகர் காட்டுல போட்டுடுவேன்."

மகள் இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. காட்டுக்குப் போனால் அவள் படிப்பு அதோடு நின்றுவிடும். அப்பாதுரைக்கு ராத்திரித் தூக்கம் போய்ப் பல நாளாயிற்று. அந்தக் கதை எழுதுகிறவன் மட்டும் கையில் கிடைத்தால் லாக்கப்பில் வைத்து ஒரு வாரம் கதை கேட்கலாம்.

கூட்டத்தில் புத்தியோடு நடந்துகொண்டவள் சரசு ஒருத்திதான். டம்ளரைக் கழுவாமல் எடுத்து வைத்திருந்தாள். பூனையைப் பிடித்துவந்ததும் அவள்தான்.

"அவங்க மனசுல குறை இருக்கக் கூடாதுண்ணே. எல்லாத்தையும் பார்த்துடுங்க" என்றாள், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இந்த வாரக் கதையையாவது கேட்டிருந்தா ஏதாச்சும் ரோசனை தோணியிருக்கும்" என்றாள் எல்லம்மா. "பாழாப் போன புஸ்தகம் கடைக்கே வரலையாமே, சரசு?"

"வரலக்கா."

"வராததே நல்லது" என்றார் அப்பாதுரை. விடுவிடுவென்று உள்ளே போய், வெங்கடசாமியின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். "எல்லாரும் வந்து பாருங்க. விஷம் குடிச்சவன் முகம் கறுத்துப் போவும். நீலம் பாயும். இவரப் பாருங்க. கன்னம் ரெண்டும் கல்யாண மாப்பிள்ளையாட்டம் செவந்திருக்கு. உசிரோட இருந்தப்பகூட இவரு இவ்ளோ லட்சணமா இருந்ததில்ல."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஏட்டு சொன்னது நிஜம். தூங்குகிறவர் போலத்தான் இருந்தார்.

"மவராசன், நல்ல சாவு" என்றாள் எல்லம்மா, வேறு வழியில்லாமல்.

அதற்குமேல் அப்பாதுரை யாரையும் யோசிக்க விடவில்லை. பாடைக்கு மூங்கில் வந்ததா என்று அதட்டினார். சங்கு ஊதுகிறவனைத் தேடி ஆள் விட்டார். சுடுகாடு வரை கூடவே போய், சிதை முழுக்கப் பற்றிக்கொண்ட பிறகுதான் திரும்பினார். ரிப்போர்ட் இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, காடும் இல்லை.

வீட்டில் அவர் மனைவி சந்திரம்மா பெங்களூர் நீலசந்திராவிலிருந்த அக்காவைப் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். ஜன்னலோரமாக உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் ஆராவமுதன் தொப்பியும் தடியுமாக நின்றார்.

"இது இந்த வாரம் வரலைன்னாங்களே" என்றார் அப்பாதுரை, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே.

"யாரு சொன்னது? வெள்ளிக்கிழமையே கடையில வந்துடுச்சு. அக்கா படிச்சுட்டுக் குடுத்துச்சு."

இத்தனை நாளில் அந்தக் கதையைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று மனசு லேசாக இருந்தது. "ம், இந்த வாரம் எதுல விஷம்? காப்பியா, வெத்தலையா?"

"விஷமே இல்லீங்க. பெரியவரு குளிருதுன்றாரு. சரின்னு மருமக கரிச்சட்டிய மூட்டி உள்ள வெச்சிட்டு, கதவு ஜன்னல் எல்லாத்தையும் இறுக்கி அடைச்சுடறா. அந்தக் கரிக் காத்துலயே தூக்கத்துல போயிடறாரு."

கழற்றிய பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் அப்பாதுரை நின்றார். சந்திரம்மா பக்கத்தைத் திருப்பினாள்.

"முகம் மட்டும் நல்லா செவந்து போவுமாம்."