மூன்று சாண் தூரம்

அருணாதேவி புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார்.

போவார் என்று எனக்குத் தெரியும். திருவண்ணாமலையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு இது பழகிப்போன விஷயம். நான் நீட்டும் எழுத்து அட்டையை இங்கே யாரும் மதிப்பதில்லை. வாசலுக்குப் போய் மலையைப் பார்ப்பார்கள். மலை பளிச்சென்று தெரிந்தால் நல்ல கண்ணாடி. இல்லையென்றால் இந்தக் குமரேசன் ஏமாற்றுக்காரன்.

அதனாலேயே கம்ப்யூட்டர் லென்ஸ் விற்பதென்றால் எனக்கு அலர்ஜி. அது கை நீட்டும் தூரத்துக்கு மட்டும் செய்கிற லென்ஸ். திரை தெளிவாக இருக்கும், மலை மங்கிவிடும். எத்தனை முறை சொல்லி அனுப்பினாலும் மறுநாள் காலையில் வந்து நிற்பார்கள். மலையே தெரியவில்லை, இது ஒரு கண்ணாடியா என்பார்கள்.

போன வாரம் இவரிடமும் சொன்னேன்.

நாற்பதைத் தாண்டிய பெண். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஐந்து மாதமாக லீவு. பத்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமையும் போகாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும், வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்றார்.

ஒருநாள் போய் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறார். பத்தே நிமிடத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டி, எழுத்தெல்லாம் கலைந்து, எழுந்து வந்துவிட்டாராம்.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. நாற்பது வயசுக் கண்ணை நாள் முழுக்கத் திரையில் நட்டு வைத்தால் தண்ணீர் வராமல் என்ன செய்யும்? சோதித்தேன். பவரும் இருந்தது.

கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அளந்துகொண்டே வந்திருந்தார். என் மேசை மேல் கையை விரித்து மூன்று சாண் போட்டுக் காட்டினார்.

பிறகு கேட்டார்.

"அந்த லென்ஸ்ல மலை சுத்தமா தெரியாதாங்க?"

தெரியாது என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

இந்த ஊரில் பிறந்தவன் அதை எப்படி எடுத்துக்கொள்வேன்? பஸ் ஏறுமுன் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஜனங்கள் நாங்கள். பாவம், நாள் முழுக்க மலை தெரியாமல் இருக்கவேண்டுமே என்று ஏங்குகிறார் என நினைத்தேன். மனசு இளகிவிட்டது. அவரிடம் சொல்லாமலே, விலையும் ஏற்றாமல், உசத்தி லென்ஸாகப் போட்டுவிட்டேன். நேரே பார்த்தால் திரை தெரியும். சற்று மேலே பார்த்தால் மலையும் தெரியும்.

ஒரு வாரமாக என் மேல் எனக்கே பெருமை.

அருணாதேவி வாசலிலிருந்து திரும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். கண் நிறைந்திருந்தது.

"தெரியுதுங்க. எல்லாமே தெரியுது."

"அதுக்குத்தாம்மா இதப் போட்டேன். ரெண்டும் தெரியட்டும்னு."

"இது வேணாங்க. என் சீட்டு ஜன்னலப் பாத்தாப்ல இருக்கு. கம்ப்யூட்டருக்கு மேல மலைதான். சீட்டு மாத்திக் குடுக்க எடமில்லன்னு சொல்லிட்டாங்க. மலை தெரியாதுன்னு சொன்னீங்களே, அதையே குடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லது செய்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று நினைத்துக்கொண்டே, மாற்றி எழுத பில் புத்தகத்தைப் புரட்டினேன்.

அவர் முகவரி என் கையெழுத்திலேயே இருந்தது. பாறைமேட்டுத் தெரு என்று பாதி எழுதி அடித்திருந்தேன். அன்றைக்கு அவர்தான் சட்டென்று நிறுத்தி, அது வேண்டாம் என்று, வேங்கிக்காலில் இருக்கும் தன் அண்ணன் வீட்டு முகவரியைச் சொன்னார்.

நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன்.

மலையின் நடுவில் சிவப்பாக ஒரு கோடு இறங்குகிறது. ஐப்பசி மழையில் மண்ணும் பாறையும் சரிந்து வந்த வழி அது. ஐந்து மாத வெயில் பட்டும் இன்னும் நிறம் மாறவில்லை. அந்தக் கோடு வந்து முடிகிற இடம் பாறைமேட்டுத் தெருவின் கடைசி வீடு.

அந்த வீட்டுப் பிள்ளையின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி பேனர் எங்கள் தெரு முக்கில் ஒரு மாதம் நின்றது. கவிநிலா, ஏழாம் வகுப்பு. இரட்டைப் பின்னல், சிரித்த முகம். அடியில் சின்ன எழுத்தில் பெற்றோர் பெயர். தினமும் அதைத் தாண்டி வந்துதான் கடை திறந்தேன்.

வேணு, அருணாதேவி.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. சோதனை ஃபிரேமை எடுத்தேன். மூன்று சாண் தூரத்துக்கு உரிய வில்லைகளைச் செருகி அவர் முகத்தில் மாட்டினேன். அட்டையை அந்தத் தூரத்தில் பிடித்தேன். கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தார்.

பிறகு நானே அவரை வாசலுக்கு அழைத்துப் போனேன்.

"மலை தெரியுதாம்மா?"

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிரேமை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்தக் கோடு இருந்த இடத்தை மேலிருந்து கீழாகத் தேடினார்.

"தெரியலீங்க."

முப்பது வருஷமாக இந்த வார்த்தையைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன்.

"ஞாயித்துக்கெழமையே வந்து வாங்கிக்கங்கம்மா," என்றேன்.