ஓதம் இறங்கும் வேளை

துறையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வாத்துகளுக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கொப்பரையில் தார் கொதித்தது. ஊருக்குப் புதியவர் யாராவது பார்த்தால் இங்கே விருந்து, அங்கே ஏதோ கப்பலுக்கு ஓட்டை அடைக்கும் வேலை என்று நினைத்திருப்பார்.

ஜாபெஸ் கார்னல் புதியவர் இல்லை. இங்கிலாந்து ராஜாவின் ஆட்சியில் இருந்த இந்த அமெரிக்கக் கரையில், ரோட் ஐலண்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கூப்பிடு தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலின் சன்னல் வழியாகப் பார்த்தபோது, அந்தத் தாரும் இறகும் தனக்குத்தான் என்று அவருக்குப் புரிந்தது.

உடுப்பை உருவி, தாரைச் சுடச்சுட ஊற்றி, மேலே இறகை அப்பி, கட்டைவண்டியில் ஊர்வலம். பக்கத்து ஊரில் அப்படி ஊர்வலம் போன ஒரு வேவுகாரன் தோல் உரிந்து மூன்று வாரம் கிடந்து செத்தான். அதை ஜாபெஸ் நேரிலேயே போய்ப் பார்த்தவர்.

அவர்தான் எங்கள் ஊருக்கு முத்திரைத் தாள் அதிகாரி. பத்திரிகை, உயில், கப்பல் சீட்டு, சீட்டுக்கட்டு எதுவானாலும் இனி ராஜா முத்திரை குத்திய தாளில்தான் என்று லண்டனில் சட்டம் போட்டுவிட்டார்கள். அதைப் போட்ட சபையில் எங்கள் ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. கடலில் செத்தவனின் குடிசையை அவன் பெண்டாட்டி பெயருக்கு மாற்றவும் வரி கட்ட வேண்டும் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

போன வாரம் ஊரே திரண்டு அவர் வாசலில் நின்றது. ஜாபெஸ் வேலையை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்து, கட்டுக் கட்டாகத் தாள்களைத் தாமே தூக்கிவந்து தீயில் போட்டார். உள்ளே எதையும் பதுக்கவில்லை என்று காட்ட, அலமாரியைக்கூடத் திறந்துவிட்டார்.

அத்தோடு சும்மா இருந்திருந்தால் பிழைத்திருப்பார். மறுநாளே லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்னால் நின்ற பதினோரு பேரின் பெயர், தொழில், வீடு எல்லாம் எழுதி, இவர்களைத் தூக்கில் போட்டால்தான் மற்றவர்கள் அடங்குவார்கள் என்று முடித்திருந்தார். தபால்காரன் பையிலிருந்து அது எப்படி வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

கடிதம் போகவில்லை, ஆனால் ஜாபெஸே லண்டனுக்குப் போய்விட்டால் பதினோரு கழுத்துக்கும் கயிறு நிச்சயம். கப்பல் பாய் தைக்கிற பேஷன்ஸின் புருஷன் அந்தப் பட்டியலில் நாலாவது. இறகு பிடுங்கும் கூட்டத்தில் அவள்தான் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

கப்பல் தலைவர் எலிஷா டிரிப், ஜாபெஸின் அப்பாவோடு பழகியவர். பார்படோஸிலிருந்து வெல்லப்பாகு கொண்டுவந்து நேற்றுத்தான் இறக்கினார். ஊர் நிலவரம் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். விடியுமுன் வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சிய ஜாபெஸைத் தள்ள மனமில்லாமல் ஏற்றிக்கொண்டார்.

"உச்சிக்கு ஓதம் இறங்கும், தண்ணி கடல் பக்கம் இழுக்கும், கிளம்பிடலாம்" என்று சொல்லி ரொட்டியும் கருவாடும் கொடுத்தார். ஜாபெஸ் அதைத் தொடாமல் ஓரமாக வைத்தார்.

அவருக்கு ஒரே ஆறுதல், துறைமுக வாயிலில் நின்ற ராஜாவின் போர்க்கப்பல். அதைத் தாண்டிவிட்டால் எந்தப் பயலும் தொட முடியாது. சிறு படகில் அங்கே போகலாம் என்றால், நடுவில் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நின்றன. பாய் விரித்த கப்பலை அவற்றால் மறிக்க முடியாது என்று தலைவர் தைரியம் சொன்னார்.

கரையில் கூட்டம் கூடிக்கொண்டே போனது. ஆனால் யாரும் கத்தவில்லை, கல் எறியவில்லை, படகை எடுத்துக்கொண்டு கப்பலில் ஏற வரவுமில்லை. பீப்பாய்கள்மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரித்தார்கள். அந்த நிதானத்தைப் பார்த்து ஜாபெஸ் சன்னலை விட்டு விலகி உட்கார்ந்தார்.

பேஷன்ஸ் எழுந்து மடியிலிருந்த இறகைத் தட்டினாள்.

"சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கப்பலைப் பார்த்துக் கேட்டாள். "மெதுவா சாப்பிடுங்க. நாங்க எங்கயும் போகல."

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

உச்சி வந்தது. ஓதம் இறங்கத் தொடங்கியது, காற்றும் கடல் பக்கம் திரும்பியது. மாலுமிகள் நங்கூரச் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றார்களே தவிர, சுற்றவில்லை.

ஏன் தாமதம் என்று ஜாபெஸ் நாலாவது தடவையாகக் கேட்டார். துணைத்தலைவன் கரைக்குப் போயிருக்கிறான், சுங்கத்தில் புறப்பாட்டுச் சீட்டு வாங்க வேண்டும், எப்போதும் நடக்கிற சடங்குதான் என்று தலைவர் சொன்னார்.

அந்தப் படகு திரும்பி வந்தபோது, மீன்பிடிப் படகுகள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன. துணைத்தலைவன் மேலே ஏறி, தலைவரின் காதில் நெடுநேரம் பேசினான். கேட்கக் கேட்கத் தலைவரின் முகம் சுருங்கிப்போனது. அவர் ஜாபெஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சுங்கத்துல சீட்டுத் தரமாட்டேங்கறாங்க. முத்திரைத் தாள்ல எழுதாம ஒரு கப்பலும் நகரக் கூடாதுன்னு நீங்களே போன மாசம் அவங்களுக்கு எழுதியிருக்கீங்களாம். சீட்டில்லாம நங்கூரத்தை எடுத்தா, அதோ நிக்குதே அந்தப் போர்க்கப்பல், அதுவே என் கப்பலைப் பறிமுதல் பண்ணிடுமாம்."

ஜாபெஸ் சன்னல் பக்கம் திரும்பினார். கரையில் பெண்கள் இறகுகளைக் கூடையில் அள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஒரே ஒரு தாளாச்சும் எரிக்காம வச்சிருக்கீங்களா ஐயா?"